துடக்கில்லாத சாவு

உதயகலா தன்னுடைய வீட்டு வளவுக்குள்ளேயே புருசனுக்குக் குழி வெட்டி வைத்திருக்கிறாளாம். சந்திக் கடையில் பாண் வாங்க நின்ற யாரோ சொன்னதை மீன்காரன் கேட்டு, மீன்காரன் சொன்னதைப் பின்வீட்டுப் பூரணம் கேட்டு, கடைசியில் அந்தக் கதை உதயகலாவின் காதுக்கே வந்து சேர்ந்தது. அது வந்த வேளையில் அவள் புருசனுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். புருசன் உயிரோடுதான் இருந்தான்.

பூரணம் படலைக்கு வெளியே நின்றுதான் சொன்னாள். ஊர்ப் பிள்ளையார் கோயிலில் கொடியேறித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. விரதகாரி, சைவத்தை விட்டுக் கிறிஸ்து வேதத்துக்கு மாறின வீட்டுக்குள் கால் வைக்க யோசித்தாள்.

“நான் நம்பேல்லைப் பிள்ளை. சனத்துக்கு வேறை வேலையில்லை. எண்டாலும் ஒருக்கால் பாத்திட்டுப் போனால், கேக்கிறவைக்கு மறுமொழி சொல்லலாமெல்லோ.”

குழி இருக்கத்தான் செய்தது. புருசன் கோபிசங்கருக்கு வளவின் கோடிவரை நடக்க ஏலாமல் போனபிறகு, அறையோடு ஒட்டி ஒரு கக்கூசு கட்டவென்று வெட்டத் தொடங்கிய குழி அது. வெட்ட வந்த ஆள் கொடியேற்றத்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பூரணம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். செம்மண் குவியலையும் பார்த்தாள்.

“கக்கூசுக் குழியை உப்பிடி நீட்டாயோ வெட்டுறது?”

அறைக்குள் கட்டிலில் கிடந்த கோபிசங்கருக்கு வயிறு வீங்கி, கால் வீங்கி, கண் மஞ்சளாகிப் போயிருந்தது. காது மட்டும் பழையபடி கூர்மை. அவன் உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தான்.

“பூரணமக்கா, அளவு சரியோ எண்டு இறங்கிப் படுத்துப் பாருங்கோ. நான் உங்களைவிடக் கொஞ்சம்தான் நெட்டை.”

பூரணம் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு போய்விட்டாள். உதயகலாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்த பிறகுதான் குழியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் செத்தால் எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி அவளுக்கு மட்டும் உரியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். இப்போது ஊரும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறது.

உதயகலா பிறந்தது கரவெட்டியில். கலியாணம் முடித்து, புத்தூர்ச் சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் இந்த ஒழுங்கைக்கு வந்தபோது, மாமியார் கைவிளக்கைக் கொடுத்து சுவாமி அறையைத்தான் முதலில் காட்டினார். தோட்டத்தில் வெங்காயமும் வாழையும் வைக்கிற குடும்பம். கோபிசங்கர் இளையவன், லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஓட்டுவான், பகிடி விடுவான், கோயில் தேர் இழுக்கும்போது முன்வடத்தில் நிற்பான். தேர்த் திருவிழா அந்தக் குடும்பத்தின் உபயம். அவர்களுடைய பூட்டன் காலத்திலிருந்து அந்த நாளின் பூசையும் செலவும் மரியாதையும் அவர்களுக்கே உரியவை.

முதற்பிள்ளை ஆண். சண்டைக்காலம், ஊரடங்கு, காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை மடியிலேயே ஓய்ந்துவிட்டது. பச்சைக் குழந்தையைச் சுடுவதில்லை. ஊர்ச் சுடலையின் வடக்கு மூலையில், நாயுருவி மண்டிய ஒரு துண்டு நிலத்தில் குழந்தைகளைப் புதைப்பார்கள். கோபிசங்கர் பிள்ளையைத் துவாயில் சுற்றித் தோளில் சாய்த்து, நித்திரையான பிள்ளையைக் கொண்டுபோவதுபோலக் கொண்டுபோனான். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்பதால் அவள் அந்த இடத்தைக் கண்டதேயில்லை. அதற்குப் பிறகு வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. அவனிடம் குடி தங்கியது.

குடித்த காலத்தை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. லான்ட்மாஸ்ரர் போயிற்று. தோட்டத்தில் ஒரு பகுதி போயிற்று. அவளுடைய தாலிக்கொடி போய் மஞ்சள் கயிறு வந்தது. ஊர் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. வெறியில் வேட்டி அவிழக் கோயில் வீதியில் கிடந்தவனைத் தூக்கிவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். “எங்கடை பெடியன்தானே” என்பார்கள்.

பிறகு ஒருநாள், யாரோ கேட்டதற்காக ஒரு பாரம் பிளாஸ்ரிக் கதிரைகளைப் புதிதாய் முளைத்த கிறிஸ்தவ சபையின் ஜெப வீட்டில் இறக்கப் போனவன், இறக்கி முடிந்தும் வரவில்லை. உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்ததாம். கால் வலிக்கிறதே என்று இருந்தானாம். அன்றைக்கு இருந்தவன் அடுத்த ஞாயிறும் போனான். குடி நின்றது. உதயகலா நம்பவில்லை. உண்மையில் ஜெப வீட்டுக்குத்தான் போகிறானா என்று வேவு பார்க்கத்தான் அவள் முதலில் பின்னால் போனாள். அங்கே அவன் கைகளை உயர்த்தி, கண்ணீர் வழிய, செத்த பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றான். அந்தப் பெயரை அவன் வாயால் அவள் கேட்டு எத்தனையோ காலம். அவளும் பாயில் அமர்ந்தாள். விசுவாசம் வந்ததா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. புருசன் திரும்பக் கிடைத்த இடம் என்று மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமையில் இன்னும் மீன் சாப்பிடமாட்டாள். கேட்டால் வயிறு சரியில்லை என்பாள்.

குடிகாரனைப் பொறுத்த ஊர் குடியை விட்டவனைப் பொறுக்கவில்லை. வேதம் அந்த ஊருக்குப் புதிதில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்காத வீடு குறைவு. கோபிசங்கரின் தமையன் நமசிவாயத்துக்கே யேசு பிறந்த நத்தார்ப் பாட்டு இரண்டு மூன்று இன்றைக்கும் வரி பிசகாமல் வரும். பழைய குடும்பங்களில் ஒரு கிளை வேதம், ஒரு கிளை சைவம். கலியாணத்துக்குத் தேவாலயத்தில் வந்து இருப்பார்கள், செத்தவீட்டில் ஒன்றாய் நின்று பந்தல் போடுவார்கள். அவர்களை யாரும் மாறினவர்கள் என்று சொல்வதில்லை. அவர்கள் வேதத்துக்குப் போன காலத்தில் சாதியையும் சீதனத்தையும் கவனமாகக் கையோடு கொண்டுபோனவர்கள். ஜெப வீட்டில் அப்படியில்லை. எந்த ஒழுங்கை, எந்தக் குடியிருப்பு என்று கேளாமல் ஒரே பாயில் இருந்து ஒரே சட்டியிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தார்கள். ஊர் வாய்விட்டுச் சொன்னது சாமியைப் பற்றி. மனதுக்குள் கொதித்தது பாயைப் பற்றி. பங்குக் கிணற்றில் கோபிசங்கரின் தண்ணீர் முறை ஒருநாள் தவறியது, பிறகு அடிக்கடி தவறியது. கலியாணக் காட் வருவது நின்றது. யாரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

குடியை அவன் விட்டாலும் குடி அவன் ஈரலை விட்டுவைத்திருக்கவில்லை. இந்த வருசம் தைப்பொங்கலோடு வயிற்றில் தண்ணீர் கட்டத் தொடங்கியது. பெரியாஸ்பத்திரியில் எடுத்தார்கள், திரும்பக் கட்டியது. பிறகு வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்றே அவன் தன் ஒரே விருப்பத்தைச் சொன்னான்.

“இஞ்சை பார், என்னைச் சுட விட்டிடாதை. அந்தச் சுடலை மூலையிலை, எங்கடை பிள்ளைக்குப் பக்கத்திலை தாட்டுவிடு. எனக்கு இடம் தெரியும், ஆனால் நான் வந்து காட்ட ஏலாதெல்லோ. அண்ணைக்குத் தெரியும். அண்ணைதான் அண்டைக்குக் கூட வந்தவர்.”

அவள் ஓம் என்றாள். அந்த ஓம் தான் அதற்குப் பிறகு அவளை வீடு வீடாக நடக்க வைத்தது.

கேட்கப் போகுமுன்னரே நமசிவாயம் வந்தார். கொடியேற்றத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. இளநீர்க் குலையொன்றை விறாந்தையில் வைத்துவிட்டு, தம்பியின் அறை வாசலில் நின்று பார்த்தார். தம்பி நித்திரை. வெளியே வந்து கதிரையின் நுனியில் இருந்தார். நல்ல மனிதர், சொல்ல வந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டார்.

விசயம் இதுதான். திருவிழாவுக்குள் தம்பிக்கு ஒன்று நடந்தால் குடும்பத்துக்குத் துடக்கு. முப்பத்தொரு நாளுக்குக் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. பூட்டன் காலத்து உபயம் கைமாறும். கைமாறினால் திரும்பி வராது, வாங்கக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தம்பி இப்போது வேதக்காரன். வேதக்காரனின் சாவுக்குத் துடக்கு உண்டா இல்லையா என்று கோயில் நிர்வாகத்தில் வாதம் நடக்கிறது. மனைவியே வந்து இல்லையென்று சொல்லிவிட்டால் வாதம் முடிந்துவிடும்.

“நீ ஒரு சொல்லுச் சொன்னால் காணும் பிள்ளை.”

“இவர் தன்னை மூலையிலை வைக்கவேணும் எண்டு கேக்கிறார், அத்தான்.”

“அது நான் பாக்கிறன்.”

அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை என்றுதான் உதயகலா இன்றைக்கும் நினைக்கிறாள்.

அன்று பின்னேரம் கோயில் மடத்துப் படிக்குக் கீழே நின்று அவள் சொன்னாள். இவர் இப்ப உங்கடை வழியிலை இல்லை, இவருக்கு ஒண்டு நடந்தால் அத்தான் வீட்டார் துடக்குக் காக்கத் தேவையில்லை. சொல்லும்போது ஒரு நிம்மதிகூட இருந்தது. துடக்கை அவள் சுமையாகத்தான் அறிந்திருந்தாள். பிறர் தலையில் ஏற்றக்கூடாத ஒரு பாரம், இறக்கிவிட்டால் நன்றி சொல்வார்கள் என்று எண்ணினாள். சொன்னார்கள். நல்ல பொம்பிளை என்று யாரோ ஒருவர் மெச்சவும் செய்தார். அதற்குப் பிறகுதான் கோயில் நிர்வாகச் செயலாளர் றமேஸ் வாயைத் திறந்தான். வங்கியில் வேலை பார்க்கிற, குரலை உயர்த்தியே அறியாத இளைஞன்.

“அப்ப சரி அக்கா. சுடலையும் எங்கடை ஆக்களுக்குத்தானே. இனி அதைப் பற்றியும் கதை வராது. நீங்களே சொல்லிப்போட்டியள்.”

அவள் நமசிவாயத்தைப் பார்த்தாள். அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்தார். பிறகு விரித்துத் திரும்பவும் மடித்தார்.

ஒரு சாவுக்குத் துடக்குக் காப்பவன் சொந்தக்காரன். சொந்தக்காரன் உள்ளவனுக்குச் சுடலை உண்டு. கோபிசங்கரை ஊரோடு கட்டி வைத்திருந்த கடைசிக் கயிறு அதுதான். சாமியை விட்டபோதுகூட அது அறவில்லை. அதை அவள் தன் வாயால், மரியாதைக்காக, அறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வீட்டுக்கு வந்து அவனிடம் சொல்லவில்லை. அண்ணை என்ன சொன்னவர் என்று கேட்டான். பாக்கிறன் எண்டவர் என்றாள். அது உண்மைதானே.

மறுநாள் பழைய மிஷன் தேவாலயத்துப் போதகரிடம் போனாள். மூலை கிடைக்காவிட்டாலும் மண்ணாவது கிடைக்கட்டும் என்ற எண்ணம். சுவர் கட்டிய சேமக்காலை. கல்லறைகளில் பழைய குடும்பங்களின் பெயர்கள். போதகர் வயதான மனிதர், தேநீர் கொடுத்து, புருசனுக்காகக் கண்ணை மூடி ஜெபித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், தனக்கு மனமிருக்கிறது, சபையார் விடமாட்டார்கள் என்று. ஜெப வீட்டார் பழைய தேவாலயத்து ஞானஸ்நானத்தை ஞானஸ்நானமே இல்லை என்று பிரசங்கிக்கிறார்கள், இங்கே ஞானஸ்நானம் எடுத்த பிள்ளைகளையே கொண்டுபோய்த் திரும்பத் தண்ணீருக்குள் முக்குகிறார்கள்.

“உயிரோடை இருக்கேக்கை எங்களைக் கிறிஸ்தவர்கள் இல்லை எண்டுகினம், மகள். செத்தாப்பிறகு எங்கடை சேமக்காலையைக் கேக்கினம். நான் என்னெண்டு எடுத்துக் கதைக்கிறது?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போன இடமெல்லாம் நியாயம் இருந்தது.

ஜெப வீட்டுப் பாஸ்டர் ஜெனிஸ்ரன் கொழும்புத்துறைக்காரர், கடற்தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை. முன்பு ஜெப வீட்டுச் சபைப் பெண்ணொருத்தியின் பிரேதத்தைப் பட்டணத்துப் பக்கம் கொண்டுபோய், சேமக்காலை வாசலில் மறிக்கப்பட்டு, ஐஸ் கட்டியோடு திரும்பிக் கொண்டுவந்த அனுபவம் அவருக்கு இருந்தது. அதற்குப் பிறகு அவர் வாயில் கர்த்தர் வழி திறப்பார் என்பதைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. கொடியேறின அன்று ஜெப வீட்டுக் கூரைத் தகரத்தில் கல் விழுந்தது. மறுநாள் அவர் படலைவரை வந்தார். மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே கதைத்தார். சொந்த வளவுக்குள் வைத்தால் என்ன, அனுமதி கிடையாது, ஆனால் வைத்த பிறகு யார் தோண்டப் போகிறார்கள் என்றார். மோட்டார் சைக்கிள் இரைச்சலுக்கு மேலால் சொன்னதால் சத்தமாகச் சொன்னார். ஒழுங்கையில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சும் பாதி வெட்டின கக்கூசுக் குழியும் சேர்ந்துதான் பூரணம் கொண்டுவந்த கதையானது.

பூரணம் வந்து போன அன்று பின்னேரம் தொடக்கம் படலையடியில் மோட்டார் சைக்கிள்கள் வேகம் குறைந்தன. வந்தவர்கள் இறங்காமலே வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன் போகும்போது மரியாதையாகத் தலையாட்டினான். விடிந்து எழும்பி முகம் கழுவ வெளியே வந்தபோது குழியைக் காணவில்லை. யாரோ மூடியிருந்தார்கள். செம்மண்ணைத் தள்ளி, மிதித்து, தண்ணீர் தெளித்து, சுளகால் தட்டினதுபோல மட்டமாக்கியிருந்தார்கள். பக்கத்து அறையில் கிடந்த இருவருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. மண்வெட்டிகூடத் தங்களுடையதுதான், கழுவி, சுவரில் சாத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“நல்ல வேலைக்காரர். கூலியும் கேக்கேல்லை,” என்றான் கோபிசங்கர். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக் கிடந்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்டால் அவள் அழுவாள் என்று கேட்காமல் இருந்திருக்கிறான்.

“அண்ணை மாட்டன் எண்டவரோ?”

“இல்லை. அவர் ஒண்டும் சொல்லேல்லை.”

“அப்ப இன்னும் கேக்கலாம்,” என்றான்.

தேர்த் திருவிழா அன்று விடியவே றமேஸ் வந்தான். குளித்து, திருநீறு பூசி, வேட்டி கட்டியிருந்தான். படலைக்கு உள்ளே வரவில்லை. எப்படி இருக்கிறார் என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தான். பிறகு சொன்னான்:

“தேர் எங்கடை ஒழுங்கை முகப்பாலைதான் வரும் அக்கா. பிரேதம் கிடக்கிற பக்கத்தாலை சாமி வரேலாது. ஏதும் எண்டாலும் தேர் சுத்தி முடிச்சு இருப்புக்கு வருமட்டும் சத்தம் போடாதேங்கோ. ஊரே வந்து நிக்குது. குழம்பினால் என்ன நடக்கும் எண்டு எனக்கே தெரியாது.”

மிரட்டலா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். அவன் கண்ணிலும் பயம் இருந்தது.

தேர் அசைந்த நேரத்தில் கோபிசங்கரின் மூச்சு மாறியது. மேளமும் சங்கும் கேட்க, அவன் வலக்கை விரல்கள் வடம் பிடிப்பதுபோல மடங்கின. பழக்கமோ, வலியோ, அவளுக்குத் தெரியவில்லை. கர்த்தரே என்று அவள் காதுக்குள் சொன்னாள். அது போதாதென்று பட்டதோ என்னவோ, பிள்ளையாரே என்றும் சொன்னாள். மூச்சு ஒருமுறை உள்ளே போனது. வெளியே வந்ததா என்று அவள் காத்திருந்தாள். ஒழுங்கை முகப்பில் தேர் வந்து நின்றது. தேங்காய்கள் உடையும் ஓசை மழைபோல் கேட்டது. அவள் துவாயைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

பின்வேலியின் பொட்டு ஓட்டையால் பூரணம் வந்தது எப்போது என்று தெரியாது. கோயிலுக்குப் போகாமல் நின்றிருக்கிறாள். கட்டிலைப் பார்த்தாள். அவன் கண்களை மூடிவிட்டு, தாடையைக் கட்டச் சீலைத் துண்டு தேடினாள். தொட்டுவிட்டாள். இனி அவளும் கோயிலுக்குப் போக முடியாது.

உதயகலா கைபேசியை எடுத்தாள். வேறு வழியில்லை. நமசிவாயம் ஒருவர் மட்டும், இவன் என்ரை தம்பி, நான் துடக்குக் காக்கிறன் என்று சொன்னால் அவள் மடத்தடியில் சொன்ன சொல் அழிந்துபோகும். மூலை கிடைக்கும். அந்த இடத்தைக் காட்டவும் அவரால்தான் முடியும். மணி போனது. எடுக்கவில்லை. திரும்ப அழுத்தினாள்.

“ஆருக்குப் பிள்ளை எடுக்கிறாய்? தமையனுக்கோ?” பூரணம் முடிச்சைப் போட்டபடி கேட்டாள். “அவர் எடுக்கமாட்டார். சாவு காதிலை விழுந்தால்தான் துடக்கு. விழாதமட்டும் அவர் சுத்தம். உன்ரை நம்பரைக் கண்டவுடனை விளங்கியிருக்கும் அவருக்கு.”

“தம்பியெல்லே,” என்றாள் உதயகலா, துவாயை விலக்கி.

“தம்பியெண்டபடியால்தான் எடுக்காமல் நிக்கிறார். இல்லையெண்டால் எடுத்துக் கதைச்சிட்டுப் போயிருப்பாரே.”

ஒலிபெருக்கியில் தேர் உபயகாரரின் பெயர் வாசித்தார்கள். பூட்டனின் பெயர், பேரனின் பெயர், நமசிவாயம் குடும்பத்தினர் என்று வரிசையாக வந்தது. அரோகரா என்று ஊர் ஒரே குரலில் எழுந்தது. தேர் நகரத் தொடங்கியது. சில்லின் அதிர்வில் சுவர்க்கண்ணாடி நடுங்கியது. அவள் துவாயைத் திரும்ப வாயில் பொத்தி, மீண்டும் அழுத்தி, கைபேசியைக் காதோடு ஒட்டிப் பிடித்தாள்.

அந்தப் பக்கத்தில் எடுக்கவில்லை. வெட்டவும் இல்லை. மணி போய்க்கொண்டே இருந்தது.